மன்னரைச் சொல்லும் சொற்களும் நம் மரபின் அளவுகோலும்

அரசரையும் பெருந்தகையோரையும் குறிக்கும் சொற்களை நம் முன்னோர் கற்பித்த முறை பற்றி எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். கழகத்து மூத்தோர் என்னினும் நன்கறிந்த பொருள் இது. ஆதலின் நிகண்டுகளின் வரலாற்றை இங்கே விரிக்கவில்லை. அவற்றைப் பயின்ற வழிகளையே பேசுகிறேன்.

நூற்பா வழியினர் திவாகரத்தையும் பிங்கலந்தையையும் முதலாகக் கொண்டனர். அம்பர் நகர்ச் சேந்தனைத் தொகுதிதோறும் புகழ்ந்துகொண்டே சொற்களை அடுக்கிய திவாகரர், புகழும் முறைக்கும் தம் நூலையே பாடமாக்கினார். விருத்த வழியினருக்கு மண்டலபுருடரின் சூடாமணியே கைநூல். திண்ணைப் பள்ளிகளில் ஓசையோடு நெஞ்சில் பதிந்த நூல் அது. 1849இல் ஆறுமுக நாவலர் அதை உரையுடன் பதிப்பித்தது யாழ்ப்பாண மரபின் பெருங்கொடை. மூன்றாவது அகராதி வழி. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி அதைத் தொடங்கி வைத்தது; 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதை நிறைவாக்கியது.

தேடுவோர்க்கு அகராதி எளிது. ஆயினும் அகரவரிசை அண்ணலை ஓரிடத்தும் ஏந்தலை வேறிடத்தும் தோன்றலை மற்றோரிடத்தும் வைக்கிறது. நிகண்டிலோ இனச்சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்றை ஒன்று உரசிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் பிறக்கும்.

எங்கள் புலவர் ஐயா விருத்த வழியில் வந்தவர். சூடாமணியை ஒப்பித்தால் மட்டும் அவர் விடமாட்டார். "புரவலன் என்கிறாயே, யாரைப் புரந்தான்?" என்பார். காவலன் என்றால் எதைக் காத்தான், கொற்றவன் என்றால் எங்கே வென்றான் என்று கேட்பார். விடை சொல்ல இயலாதவன் அன்று அச்சொல்லைப் பாட்டில் வைக்கக் கூடாது. வழுதி, மாறன், செழியன் என்றால் வேம்பும் வையையும் கூடலும் உடன்வர வேண்டும்; கிள்ளி, சென்னி, வளவன் என்றால் ஆத்தியும் பொன்னியும்; குட்டுவன், பொறையன் என்றால் பனந்தாரும் வில்லும். வளவனுக்கு வேம்பு சூட்டிய மாணவன் பாட்டு முழுவதையும் திரும்ப எழுதினான்.

பாரியை அவர் பலமுறை எடுத்துக்காட்டுவார். பாரி வேள், பறம்பை முற்றியவர் மூவேந்தர். அன்பு மிகுதியால் பாரியையும் வேந்தன் என்று பாடிவிட்டால், முடியுடைய மூவர் ஒன்றுகூடியும் ஒரு குறுநிலத் தலைவனைப் போரில் வெல்ல முடியாமற்போன பெருமை கரைந்துவிடும். சொல்லை உயர்த்தி ஆளைத் தாழ்த்துவது அது. இறைமாட்சியில் வள்ளுவர் அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம் என்று பண்புகளைப் பிரித்து நிறுத்தியதையும் ஐயா இதனோடு சேர்த்தே நடத்துவார்.

இன்று இத்துறையில் உழைப்போர் பலர். அவர்தம் ஆர்வத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் சிலர், யாரென்று சொல்ல வேண்டியதில்லை, மேடையேறியவுடன் தலைவரை வேந்தர் என்கின்றனர், நன்கொடையாளரை வள்ளல் என்கின்றனர், வரவேற்புரை சொன்னவரைச் செம்மல் என்கின்றனர். அழைப்பிதழில் பெயருக்கு முன் நான்கு பட்டம் நிற்கிறது. நான்கில் ஒன்றுக்கும் காரணம் கேட்பாரில்லை. பாட்டரங்கில் மோனைக்காகக் குரிசில் வருகிறது, எதுகைக்காக ஏந்தல் வருகிறது. வாழ்த்துமடலிலும் இதுவே, மணவிழாவிலும் இதுவே, இரங்கற்பாவிலுங்கூட இதுவே. பாடநூலோ இவை அனைத்துக்கும் தலைவன் என்று ஒரே பொருள் எழுதி முடிக்கிறது. புலவர் பன்னூறு ஆண்டு காத்த தர வேறுபாடு ஒரு தலைமுறைக்குள் அழிகிறது. எல்லாரையும் வேந்தர் என்ற பின் உண்மையான பெருந்தகை ஒருவர் வந்து நின்றால் அவரை எந்தச் சொல்லால் வணங்குவோம்? சொல் கெட்டால் மதிப்பிடும் அறிவு கெடும். அது கெட்ட நாட்டில் நல்லோரும் அல்லோரும் ஒரே வரிசையில் நிற்பர்.

ஆகவே நம் கழகத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். வாரம் ஒருமுறை இளையோர்க்குச் சூடாமணியின் மக்கட்பெயர்த் தொகுதியை ஓசையோடு ஓதுவித்துப் பொருள்வேறுபாடு சொல்லித்தர வேண்டும். கழகத்தின் பெயரால் எவர்க்கேனும் பட்டம் வழங்கினால், எச்செயல் கருதி அச்சொல்லைத் தேர்ந்தோம் என்பதைப் பட்டயத்திலேயே எழுத வேண்டும். எழுத இயலாத ஆண்டில் பட்டம் வழங்காதிருப்பதே கழகத்துக்குப் பெருமை.