வடைப் பொட்டலமும் வகுப்பறையும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது வன்னியம்பட்டி. அங்கிருந்து வடக்கே, மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. எழுத்தாளர் பாமா பிறந்த ஊர். 1992-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறான ‘கருக்கு’ உலகின் பல பல்கலைக்கழகங்களில் பாடமாகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் வரும் வெயிலையும் கண்மாய்க் கரையையும் தினம் பார்க்கிற வன்னியம்பட்டிப் பிள்ளை அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கேள்விக்கு அவசரம் இருக்கிறது. தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளுக்குத் தடை கேட்டது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிற்றை ஏன் கட்டினோம் என்று பிள்ளையே யோசிக்க வேறு ஏதாவது வேண்டும். இலக்கிய வாசிப்பு அதைச் செய்யும் என்று நம்புகிற ஆசிரியர்கள் பலர். நானும் நம்புகிறேன், சில நிபந்தனைகளோடு.

‘கருக்கு’வில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. பள்ளி விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கி வருவதைப் பார்க்கிறாள். பொட்டலத்தில் கை படவில்லை. களத்தில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரரிடம் அதைக் குனிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தங்கள் சாதிக்காரர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அந்த நூல் என்று காரணத்தைச் சொல்கிறார்.

அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று சமூக அறிவியல் புத்தகம் ஒரு வரியில் சொல்லும். பிள்ளை அதை மனப்பாடம் செய்யும், மதிப்பெண் வாங்கும். ஆனால் தீண்டாமை ஒரு பெரியவரின் விரல்களை என்ன செய்தது என்பதை அந்த வரியால் காட்ட முடியாது. கதை அதைக் காட்டுகிறது. அதிலும், படிக்கிற பிள்ளையை முதலில் சிரிக்க வைத்து, பிறகு அந்தச் சிரிப்புக்காகவே கூச வைக்கிறது. இந்தக் கூச்சம்தான் வாசிப்பு தரும் கல்வி.

ஆனால் அதே பக்கம் வகுப்பறைக்குள் வரும்போது என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்தத் தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து ஐந்தாறு பேர் வந்திருப்பார்கள். ஆசிரியர் உரக்கப் படிக்கிறார். மற்றவர்களின் தலைகள் அந்த ஐந்தாறு பேர் பக்கம் திரும்புகின்றன. யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் குனிந்துகொள்வார்கள். “உங்க தெருவுல எப்படிம்மா?” என்று நல்லெண்ணத்தோடு ஆசிரியர் கேட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒருவருடைய காயத்தை வைத்து மற்றவர்கள் இரக்கம் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. வாசிப்பு வழிக் கல்வியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான்.

இன்னொரு குறை நமக்குப் பழகிப்போனது. துணைப்பாடத்தில் எந்தக் கதை வந்தாலும் ‘கருப்பொருள் என்ன?’ என்று கேட்டு அதை ஒரு நெடுவினாவாக்கிவிடுகிறோம். தேர்வுத்தாளில் எல்லோரும் சமத்துவவாதிகள். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மணிக்கட்டில் கயிறு அப்படியே இருக்கும்.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ 2012-இல் வந்தது. 2014-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. ஆவணங்களைத் தேடிப் படித்து எழுதிய ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் என்றாலும் நாவல் நாவல்தான். அன்று எதிரெதிராக நின்றவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் அவர்கள் கேட்டு வளர்ந்த கதைகள் வெவ்வேறு. நாவலின் ஒரு அத்தியாயத்தோடு, நாடார் சமூகத்தைப் பற்றி ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து சில பக்கங்களையும் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்க்கச் சொன்னால் பிள்ளைக்கு வரலாற்று முறையே பிடிபடும். உயர்நிலைப் பள்ளிக்கு இது கனம்தான். பதினொன்றாம் வகுப்பால் தாங்க முடியும்.

கதை படித்தால் பிறர் மனம் புரியும் என்று 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று பரபரப்பாகப் பேசப்பட்டது. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களில் பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. ஒரு கதையைப் படித்த கையோடு குணம் மாறிவிடும் என்று எந்த நல்ல ஆசிரியரும் எதிர்பார்ப்பதில்லை. படித்த பிறகு நடக்கும் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது.

பேச்சுக்குப் பயந்து புத்தகத்தையே எடுத்துவிடுவது இன்னொரு வழி. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி, மகாசுவேதா தேவி ஆகியோரின் எழுத்துகளை நீக்கியது. தலித் பிள்ளையைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றுகூட இதற்கு நியாயம் சொல்லிவிட முடியும். ஆனால் புத்தகம் போனபின் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது வகுப்புக்கு வெளியே நடக்கும் கேலி மட்டும்தான்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? ‘கருக்கு’வில் அதே அண்ணன் சொல்லும் இன்னொரு சம்பவம் இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரை வழியே நடந்து வருகிறார். பின்னால் வந்தவர் பெயரைக் கேட்கிறார். பெயர் போதவில்லை, எந்தத் தெரு என்றும் கேட்கிறார். அந்த அண்ணன்தான் பின்னாளில் ஆய்வாளராக அறியப்பட்ட ராஜ் கௌதமன். நான் ஆசிரியராக இருந்தால் வடைப் பொட்டலத்தை விட்டு இந்த இடத்திலிருந்து தொடங்குவேன். ‘உங்க தெருவுல எப்படி’ என்று யாரையும் கேட்க மாட்டேன். புத்தகம் வைத்திருக்கும் பையனை ஒதுக்கிவிட்டு, கேள்வி கேட்ட ஆளைப் பற்றிப் பேசச் சொல்வேன். பெயர் தெரிந்த பிறகும் அவருக்குத் தெரு எதற்கு? பதில் கிடைத்த பிறகு அவர் நடையில் என்ன மாறியிருக்கும்? இந்தக் கேள்வியை அவர் யாரிடமிருந்து கற்றுக்கொண்டார்?

பெயர் எழுதாத தாளில் பதில் வாங்கலாம். இரண்டு வாரம் கழித்து வடைப் பொட்டலத்துக்கு வரலாம். அப்போது பிள்ளைகள் எழுத வேண்டியது அந்தப் பெரியவரைப் பற்றி அல்ல. அன்று களத்தில், நிலக்காரரின் பக்கத்தில் அவர் பேரன் உட்கார்ந்திருந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பொட்டலத்தைத் தாத்தா வாங்கிப் பிரிக்கிறார். பேரனுக்கும் ஒரு வடை தருகிறார்.

அவன் நூலைப் பார்த்தானா என்று எழுதட்டும்.