களஞ்சுட்டும் உரிமை

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடிக்கும் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோர லாட்ஜுகளைத் தினமும் பார்க்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்த பெண்கள் குறைவு. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு அறை எடுத்துக் கொடுக்கச் சிலமுறை போயிருக்கிறேன். ஒரு கட்டடத்தைப் பனுவலாக வாசிக்கலாம் என்று வகுப்பில் சொல்கிறோமே, அப்படி வாசித்தால் லாட்ஜின் மையம் அறை அல்ல, வரவேற்பு மேசை. அதிக வெளிச்சம் அங்கேதான். தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, மேசைக்குப் பின்னால் மாலை போட்ட சாமிப் படம், தலைக்கு மேல் கேமரா, எதிரே சோபாவில் யாருக்கோ காத்திருக்கும் இரண்டு ஆண்கள். பிறகு அந்த நீள நோட்டு: பெயர், விலாசம், வந்த காரணம், கூட வந்தவர் என்ன உறவு. தனியாக வரும் ஆணுக்கு இந்த மேசையைக் கடக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு பெண் வந்து நின்றால் மேசை நீளத் தொடங்குகிறது.

இந்த மேசையை எடுத்துவிட்டால் ஒரு விடுதி எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானின் 'லவ் ஹோட்டல்' ஒரு பதில். வாசல் பெரும்பாலும் பக்கவாட்டில், ஒரு சுவரோ செடிகளோ மறைத்தபடி இருக்கும். உள்ளே போனால் ஆள் இல்லை. சுவரில் ஒளிரும் பலகை. அதில் ஒவ்வோர் அறையின் படம். விளக்கு எரிகிற படம் காலி அறை, அணைந்திருப்பது ஆள் இருக்கும் அறை. பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாம். பணம் வாங்க ஓர் இயந்திரம், அல்லது கைகள் மட்டும் தெரிகிற சின்ன ஜன்னல். கார் நிறுத்துமிடத்தில் நம்பர் பிளேட்டை மறைக்கக்கூடப் பலகை வைத்திருக்கும் விடுதிகள் உண்டு. கட்டணம் இரண்டு வகை: இரண்டு மூன்று மணி நேர 'ஓய்வு', இரவு முழுக்கத் 'தங்கல்'. நம் பத்திரிகைகள் இவற்றைப் பற்றி எழுதும்போதெல்லாம் சுழலும் கட்டில், கூரைக் கண்ணாடி, கோட்டை வடிவக் கட்டடம் என்று வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அறைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசைதான் அதுவும். எனக்கோ அந்த வாசலை யோசித்து அமைத்தவர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள்.

அந்த வாசலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் வீடுகள் சிறியவை, தடுப்புகள் மெலிதானவை, மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் படுத்தது. கணவனும் மனைவியும்கூட வாடகை அறை தேடிப் போனார்கள். 1956-இல் ஜப்பான் பாலியல் தொழில் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே 1956-இன் கடைசியில் இந்திய நாடாளுமன்றமும் அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. 1986-இல் பெயர் மாறி இன்றும் நடப்பில் இருக்கும் சட்டம் அதுதான். ஒரே ஆண்டு, ஒத்த நோக்கம். அங்கே ஜோடிகளுக்கான விடுதித் தொழில் தனியாக வளர்ந்தது. 1973-இல் டோக்கியோவில் 'மெகுரோ எம்பரர்' என்ற கோட்டை விடுதி வந்தது. இங்கே அந்தச் சட்டம் லாட்ஜ் கதவைத் தட்டுவதற்கான சாவியாயிற்று. விடுதியில் சோதனை, அழகிகள் மீட்பு என்று நம் நாளிதழ்கள் எத்தனை முறை தலைப்புப் போட்டிருக்கின்றன! பிடிபட்ட கணத்தில் ஒரு பெண் 'அழகி' ஆகிவிடுகிறாள். அவளுடன் இருந்த ஆணுக்கு அப்படியொரு சொல்லைத் தமிழ்ச் செய்தி நடை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஜப்பானில் 1984-இல் திருத்தப்பட்டு அடுத்த ஆண்டு நடப்புக்கு வந்த சட்டம் ஒன்று சுழலும் கட்டில், பெரிய கண்ணாடிகள், கூடமும் உணவறையும் இல்லாத அமைப்பு ஆகியவற்றை லவ் ஹோட்டலின் அடையாளமாக வரையறுத்துக் கட்டுப்பாடு விதித்தது. அதிலிருந்து நழுவ விரும்பிய முதலாளிகள் அவற்றைக் கைவிட்டார்கள். அந்த இடத்துக்கு வந்தவை பெரிய குளியல் தொட்டி, நல்ல ஷாம்பு, கரோக்கே. அறையைத் தேர்ந்தெடுப்பது பெண்தான் என்று தொழில் கணக்குப் போட்டது. சாரா சாப்ளின் 2007-இல் இந்த விடுதிகளின் பண்பாட்டு வரலாற்றையே தனி நூலாக எழுதியிருக்கிறார். பெண்ணின் ரசனையைச் சந்தை மதித்தது என்பதாலேயே அதைப் பெண் விடுதலை என்று நான் சொல்லமாட்டேன். தோழிகள் சேர்ந்து விருந்து கொண்டாட அறை தரும் விடுதிகளே, இரண்டு ஆண்கள் வந்தால் திருப்பி அனுப்பியதும் உண்டு. பணம் கட்டும்வரை அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் சில விடுதிகளில் இருக்கிறது. இந்தப் பூட்டைப் பிறகு பேச வேண்டும்.

நம் ஊரில் அறை எடுப்பது குற்றமா? இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஜூன் மாதம் கோயம்புத்தூரில் ஒரு விடுதியை அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ஓர் அறையில் மணமாகாத ஆணும் பெண்ணும் இருந்தார்கள், இன்னோர் அறையில் மதுப்புட்டி இருந்தது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். வழக்கை விசாரித்த நீதிபதி எம்.எஸ். ரமேஷ், மணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமோ விதியோ எதுவும் இல்லை என்று கூறி, சீலை அகற்ற உத்தரவிட்டார். சேர்ந்து வாழ்வதே குற்றமல்ல எனும்போது ஓர் அறையில் தங்குவது எப்படிக் குற்றமாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு முன்பே, 2010-இல், குஷ்பு மீது தமிழ்நாடெங்கும் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்சநீதிமன்றம் ரத்து செய்திருந்தது. துடைப்பமும் செருப்பும் ஏந்திய அந்தப் போராட்டங்கள் ஒரு பெண் சொன்ன கருத்துக்காக நடந்தவை என்பதை இன்றைய மாணவிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்ப மறுக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தது. மேசை அப்படியே இருக்கிறது. சட்டத்தில் இல்லாததை 'மேனேஜ்மென்ட் ரூல்' என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிடலாம். அதில் 'லோக்கல் ஐடி ஏற்கப்படாது' என்ற வரியைக் கவனியுங்கள். ஆவடி விலாசம் உள்ளவருக்கு ஆவடியில் அறை இல்லை. உள்ளூரில் வீடு இருப்பவர் எதற்காக லாட்ஜுக்கு வருகிறார் என்ற சந்தேகம்தான் அந்த வரி. ஆதாரை நீட்டினால் பல பெண்களின் அட்டையில் விலாசத்துக்கு முன்னால் தகப்பன் பெயரோ கணவன் பெயரோ நிற்கும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒரே விலாசமா, அவள் அட்டையில் இருப்பது இவன் பெயரா என்று. ஊரும் தெருவும் தெரிந்தால் சாதி தெரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சாதி மறுத்துக் காதலித்த ஒரு பெண்ணுக்கு அந்த நோட்டில் விழும் ஒரு வரி, வீட்டுக்குப் போகும் தகவலாக மாறலாம். உடுமலைப்பேட்டையில் 2016-இல் பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்ததை மறந்துவிட்டு இதை வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேச முடியாது.

'ஜோடிகளுக்கு ஏற்ற விடுதி' என்று செயலியில் தனிப் பிரிவு வைத்து வளர்ந்த ஓயோ நிறுவனம், 2025 ஜனவரியில், மணமாகாத ஜோடிகளை மறுக்கும் விருப்பத்தைத் தன் விடுதிகளுக்குக் கொடுத்தது; மீரட் நகரத்தில் அது தொடங்கியது. சந்தை கொடுத்ததைச் சந்தையே எடுத்துக்கொள்ளும். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மணமாகாதவர்களின் பிரச்சினை என்று மட்டும் இதைச் சுருக்கவும் கூடாது. கவிதைக் கூட்டத்துக்காகத் தென்மாவட்ட நகரம் ஒன்றுக்குப் போன என்னை, இரவு பத்து மணிக்கு, 'சிங்கிள் லேடீஸுக்கு ரூம் கொடுக்கிறதில்லைம்மா' என்று ஒரு லாட்ஜ்காரர் அனுப்பிவிட்டார். ஆணோடு வந்தால் எந்த ஆண் என்ற கேள்வி, ஆண் இல்லாமல் வந்தால் ஏன் இல்லை என்ற கேள்வி. இரண்டு பெண்கள் வந்தால் மட்டும் சிக்கல் இல்லை. அக்கா தங்கச்சி என்று அவர்களே எழுதிக்கொள்வார்கள். அறியாமை சில நேரம் அடைக்கலம் தருகிறது.

தொல்காப்பியம் களவியல் பாடம் நடத்தும்போது இந்த மேசை அடிக்கடி நினைவுக்கு வரும். குறியிடம் பற்றிய நூற்பாக்களை நாம் மனப்பாடப் பகுதியாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் அவை இடத்தை வடிவமைக்கும் விதிகள். சந்திக்கும் களத்தைச் சுட்டிச் சொல்வது தலைவிக்கு உரியது என்கிறார் தொல்காப்பியர். அவள் போய்வரக்கூடிய வழி அது என்பதைக் காரணமாகவும் சொல்கிறார். எவ்வளவு நடைமுறையான காரணம்! அவனுக்கு எந்தக் காடும் வழிதான். அவளுக்கோ தெரிந்த பாதை வேண்டும், திரும்பிவரும் நேரம் வேண்டும். பகற்குறி வீட்டுக்கு வெளியே, அவள் அறிந்து வரக்கூடிய இடத்தில். இரவுக்குறி வீட்டுக்குள் புகாமல், ஆனால் வீட்டில் இருப்பவர்களின் பேச்சு காதில் விழும் தொலைவில். அவள் சீக்கிரம் திரும்புவதற்கான ஏற்பாடாக மட்டும் இதைப் படிக்கலாம். நான் வேறு மாதிரியும் படிக்கிறேன். யார் கண்ணிலும் படாத, ஆனால் குரல் எட்டுகிற இடம் அது.

சங்ககாலத்தைப் பொற்காலமாக்க இதைச் சொல்லவில்லை. அலர் தூற்றும் ஊரும், பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைக்கும் இற்செறிப்பும் அதே இலக்கணத்தில்தான் இருக்கின்றன. இதை நடத்திய வகுப்பில், 'ஆதார் கேக்காத இடமா இருந்திருக்கும், மேம்' என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது இரண்டு மூன்று பேர் தலைகுனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

களத்தைச் சுட்டும் உரிமை அவளிடமிருந்து போனால் என்ன ஆகும் என்பதை நவீனத் தமிழ்க் கதை காட்டியிருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்னிப்பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த சர்ச்சை முழுக்க அந்தப் பெண்ணின் தூய்மையைப் பற்றியது. தாய் தலையில் நீர் ஊற்றியது சரியா தவறா என்பது. அந்தக் கார் யாருடையது, எங்கே போய் நின்றது, கதவைத் திறக்கத் தெரிந்தது யாருக்கு என்று விமர்சகர்கள் அதிகம் கேட்கவில்லை. மழை, பஸ் நிறுத்தம், முன்பின் தெரியாத கார். களம் முழுக்க அவன் சுட்டியது.

பொள்ளாச்சியில் 2019-இல் வெளிவந்த கொடுமைகளிலும் கார் இருந்தது, கேமரா இருந்தது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தன் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். வந்தவன் கையில் எடுத்த முதல் ஆயுதம் படம் எடுத்துவிட்டதான மிரட்டல். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால்தான் அந்த மிரட்டலுக்கு வலு வந்தது. பிறகு முதல் தகவல் அறிக்கையே கசிந்தது. அவளைக் குறைசொல்லும் தொனியில் அது எழுதப்பட்டிருந்ததை உயர்நீதிமன்றம் கண்டித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது. அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, 'அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?' வேறு எங்கே போயிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பூட்டக்கூடிய கதவு உள்ள இடத்தில் மேசை மறிக்கிறது. மேசை இல்லாத இடத்தில் இருட்டு.

இந்தப் பகுதியில் அவர்கள் போகும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா, மதியக் காட்சிக்கு ஆள் குறைந்த தியேட்டர், புறவழிச் சாலையில் நிற்கும் பைக். வண்டியின் பின்சீட்டில் கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போகும் பெண்களை வெயிலுக்குப் பயந்தவர்கள் என்று நினைக்கிறோம். அந்தத் துப்பட்டாவும் ஒரு நம்பர் பிளேட் மறைப்புதான். எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு கட்டில், ஆறு கட்டில். மணமானவர்கள் கதையும் பெரிய வித்தியாசமில்லை. ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள போர்ஷனில் மாமியாரும் பிள்ளைகளும் படுத்த பிறகு, பாத்திரம் கழுவும் சத்தத்தில் மறைத்துப் பேசும் தாம்பத்தியத்தை எத்தனையோ தோழிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணவனோடு நாலு மணி நேரம் லாட்ஜுக்குப் போகலாம்தானே என்றால், 'கட்டின புருஷன்கூட லாட்ஜுக்கா?' என்று வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். லாட்ஜ் என்ற சொல்லுக்கு அந்த நாளிதழ்த் தலைப்புகள் அப்படியொரு வாடையை ஏற்றிவைத்திருக்கின்றன.

இப்போது அந்தப் பூட்டுக்கு வருகிறேன். லவ் ஹோட்டல் கண்களை அகற்றியது. அதோடு காதுகளையும் அகற்றிவிட்டது. ஆள் தெரியாத வாசல், சத்தம் வெளியே போகாத சுவர், பணம் கட்டும்வரை திறக்காத கதவு. உள்ளே போன பிறகு அவள் மனம் மாறினால்? அவன் மாறினால்? நம் லாட்ஜ் இதற்கு நேர்மாறானதும் அல்ல. அங்கே எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் அறையிலிருந்து கூப்பிட்டால் வருகிறவர்களும் அதே மேசைக்காரர்கள்தான். பார்வையாளர்கள் நிறைய, செவிமடுக்க ஆளில்லை.

பூந்தமல்லியில் ஒரு லாட்ஜைப் பெண்கள் வடிவமைக்க உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது ரோஜா நிறத் திரைச்சீலையாக இருக்காது. வயதுக்குச் சான்று கேட்கட்டும். தகப்பன் பெயர் எதற்கு? வாசல் பக்கத் தெருவில் இருக்கட்டும், ஆனால் அந்தத் தெருவில் விளக்கும் நடக்கக்கூடிய தூரத்தில் பஸ் நிறுத்தமும் வேண்டும். தாழ்ப்பாள் உள்ளிருந்து போடவும் உள்ளிருந்து திறக்கவும் வர வேண்டும். தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் ஒரு பெண் குரல். தனியாக வெளியே போகும் பெண்ணை 'சார் வரலையா?' என்று கேட்காத ஊழியர்கள். கண்ணாடிக்குப் பின்னாலும் ஸ்விட்ச் போர்டிலும் கேமரா இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் பெண்களுக்கு வந்துவிட்டது. அந்தச் சோதனையை மாதாமாதம் வெளியாள் வைத்துச் செய்து, தேதியைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்கட்டும். நாலு மணி நேரத்துக்கு நாலு மணி நேரக் காசு. தூங்குவதற்காக மட்டும் தனியாக வரும் நைட் ஷிஃப்ட் பெண்ணுக்கும் அதே காசு.