மஞ்சள் ஹெல்மெட்டுக்குப் பயம் இல்லை, உறைக்குத்தான் வாய் நீளம்

மூன்றாவது வளைவுக்குள் கையைத் தளர்த்தினால் போதும், நம் ஊரில் உடனே பட்டம் கட்டிவிடுவார்கள். பேட்டரி சைக்கிளில் கல்லாறிலிருந்து குன்னூர் ஏறுகிற கூட்டத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவருக்கு இந்த சீசனில் கிடைத்த பட்டம் 'பயந்தாங்கொள்ளி'. பர்லியாறு டீக்கடை முதல் காட்டேரி வரை ஒரே புலம்பல்தான்: "பேட்டரி இருக்கு, மோட்டார் இருக்கு, முறுக்கத்தான் மாட்டேங்கிறார்." இதைப் போட்டி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் போலீஸ் வரும். ஆனாலும் யார் முதலில் ஏறினார் என்பது மறுநாள் மார்க்கெட் வரை தெரிந்துவிடுகிறது. நேரக் கணக்கை நீங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பீர்கள், அதை விடுகிறேன். எனக்கு அவர் கை மட்டும் போதும்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் செய்வது ஒன்றே. வளைவுக்கு முன்பே த்ராட்டிலை முழுசாக விட்டுவிடுவார். கியரைக் குறைத்து, எதிரே பஸ் வராவிட்டால் சரிவு குறைவான வெளிப்பக்கமாக அகலச் சுற்றி, காலாலேயே மிதித்து வெளியே வருவார். வந்ததும் பாதி முறுக்கு. நேர் சாலையிலும் பாதிதான், அதற்கு மேல் ஒரு இழை கிடையாது. மற்றவர்கள் வளைவுக்குள்ளேயே முழுசாக முறுக்கிச் சீறுவார்கள், கூட்டம் கைதட்டும். சக்கரம் மெதுவாகச் சுற்றும் இடத்தில் ஹப் மோட்டாருக்குக் கொடுக்கிற மின்சாரத்தில் கணிசமான பங்கு வெறும் சூடாகப் போகிறது என்பது கைதட்டுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மிதிக்கிறவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்தக் கோளாறு செல்லின் உறையில் தொடங்குகிறது. நம் ஆட்கள் கட்டும் பேக் ஏறக்குறைய ஒரே மாதிரி: ஜோடி ஜோடியாகப் பத்து வரிசை, மொத்தம் 20 லித்தியம் செல், 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர். ஒவ்வொரு செல்லின் பிளாஸ்டிக் உறையிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பக்கம் 5,000 மில்லிஆம்பியர்-அவர், இன்னொரு பக்கம் கொட்டை எழுத்தில் 35 ஆம்பியர். இரண்டையும் ஒரே செல் ஒரே நேரத்தில் தரும் என்று நம்பித்தான் முறுக்குகிறார்கள். முதல் எண் சாவகாசமாக ஐந்து மணி நேரம் வடியவிட்டு அளந்தது. ஒரு ஆம்பியர்தான் இழுத்திருப்பார்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் சில நொடித் துடிப்புக்கானது. 35 ஆம்பியரைத் தொடர்ந்து இழுத்தால் அந்த 5,000 முழுசாகக் கிடைத்தாலும் எட்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். எட்டரை நிமிடத்தில் பர்லியாறு கூட வராது. பெண் பார்க்க வந்த இடத்தில் போனஸ், ஓவர்டைம் எல்லாம் சேர்த்துச் சொல்லும் மாப்பிள்ளை சம்பளம் மாதிரிதான் இந்த 35. பெயர் உள்ள தயாரிப்பாளர்கள் தங்கள் தரவுத்தாளில், 'இவ்வளவு ஆம்பியர், ஆனால் 80 டிகிரி தொட்டால் நிறுத்து' என்று நிபந்தனையோடு போடுவது உண்டு. உறையில் அந்த 'ஆனால்' வருவதில்லை.

மஞ்சள் ஹெல்மெட் உறையைப் படித்ததோடு விடுகிற ஆள் இல்லை. அவர் வீட்டு மேசையில் நான் பார்த்தது இது: செல்லை 4.2 வோல்ட் வரை நிரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டார். வயிற்றின் நடுவில் மெல்லிய வெப்ப உணரிக் கம்பியை டேப் போட்டு ஒட்டினார். மின்னோட்டத்தை மாறாமல் பிடித்துவைக்கும் லோடு பெட்டியில் மாட்டி 2.5 வோல்ட் வரை வடியவிட்டார். 10 ஆம்பியரில் செல் கடைசி வரை தாக்குப்பிடித்தது, கையில் பிடிக்கலாம். 20 ஆம்பியரில் பாதி சார்ஜ் தீருமுன்பே 80 டிகிரியைத் தாண்டியது, சுவிட்சை அணைத்துவிட்டார். 35க்கு அவர் போகவே இல்லை. "எதுக்குங்க, வீட்ல குழந்தைங்க இருக்கு" என்றார். உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, செல்லின் மேல் மார்க்கர் பேனாவால் '10' என்று எழுதினார். மலையில் அந்தப் பத்திலும் பாதியைத்தான் இழுக்கிறார்.

அந்தப் பாதி முறுக்கை 'பாதி உழைப்பு' என்று படிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செல்லுக்குள் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். உள்தடை 25 மில்லிஓம் என்று வைத்தால், 5 ஆம்பியரில் ஒரு செல்லில் 0.6 வாட் சூடு. 10 ஆம்பியரில் 2.5 வாட். முறுக்கு இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. முழுசாக முறுக்கி, பிறகு விட்டு, மறுபடி முறுக்குவது இன்னும் மோசம். சராசரி ஒன்றுதானே என்று கேட்பார்கள். பாதி நேரம் 10, பாதி நேரம் சும்மா என்றால் சராசரி 5தான். சூடு மட்டும் சீராக 5 இழுத்ததைப் போல இரண்டு மடங்கு.

உயரக் கணக்கும் அவர் பக்கம்தான். கல்லாறிலிருந்து குன்னூர் சுமார் 1,300 மீட்டர் மேலே. ஆளும் வண்டியுமாக 95 கிலோவை அவ்வளவு தூக்கவே 335 வாட்-அவர் சொச்சம் வேண்டும். பேக்கில் இருப்பது பெயருக்கு 360. மோட்டார் தின்னும் பங்கைக் கழித்தால் பேட்டரியை மட்டும் நம்பி யாரும் குன்னூர் பார்க்க முடியாது. மிச்சம் கால் தர வேண்டும். 20 ஆம்பியர் கன்ட்ரோலரை முழுசாகத் திறந்தால், அதாவது ஜோடியில் செல்லுக்குப் பத்து வீதம் இழுத்தால், பேக்கின் ஆயுள் அதிகபட்சம் அரை மணி நேரம். முழுமுறுக்கு வீரர்கள் காட்டேரி அருகே வரிசையாக நிற்பதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

அங்கே நடக்கும் கூத்தைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நிற்கும். ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் ஒரு கட்டை மறுபடி எரியும். "பார்த்தியா, சார்ஜ் இருக்கு!" என்று முறுக்குவார். பத்து மீட்டரில் மறுபடி நிற்கும். சார்ஜ் இருப்பது உண்மைதான். இழுக்கும்போது தாழும் வோல்ட், இழுப்பு நின்றதும் ஏறிக்கொள்கிறது. பெரிய ஆம்பியரில் கேட்டால் பாதுகாப்பு சர்க்யூட் கதவைச் சாத்திவிடுகிறது. பாதி முறுக்கில் கேட்டிருந்தால் அதே சார்ஜ் இன்னும் இரண்டு வளைவு தூக்கியிருக்கும்.

உச்சம் வேறு, தொடர்ந்து தரும் சக்தி வேறு என்பதில் இந்திய மோட்டார் வாகன விதிகள் நம் ரசிகர்களை விடத் தெளிவு. லைசென்ஸ், பதிவு வேண்டாத பேட்டரி வண்டிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்போடு 250 வாட் வரம்பும் உண்டு. அந்த 250 உச்சம் அல்ல, அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. (நம் ஆட்களின் வண்டிகளில் பாதி இதில் தேறாது; அது வேறு பஞ்சாயத்து.) அதே சரிவில் 1899 முதல் பல்சக்கரம் பிடித்து நிதானமாக ஏறும் ரயிலை யாரும் பயந்தாங்கொள்ளி என்றதில்லை.

இனி வரப்போவதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பலா சீசனில் பர்லியாறு பக்கம் யானை சாலைக்கு இறங்கும். எல்லோரும் நிற்க வேண்டிவரும். செல் ஆறிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடம் முழுமுறுக்குக் கோஷ்டிக்குக் கிடைக்கும் இனாம். அன்று அவர்கள் ஜெயிக்கலாம், ஜெயித்தால் ஒரு மாதம் பேசுவார்கள். அடுத்து யாராவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக்கோடு வருவார். சூட்டுக்கு அசராத ஜாதி, ஆனால் அதே சார்ஜுக்குக் கூடுதல் எடை. மரப்பாலத்துக்கு மேல் அந்த எடை தெரியும். ஊட்டியிலிருந்து இறங்கும் சுற்று வைத்தால், இறக்கத்தில் சார்ஜ் திரும்ப ஏற்றும் நேரடி ஹப் மோட்டார்காரர்கள் வழக்கம்போல நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பி, திரும்பி வரும் சார்ஜை வாங்கிக்கொள்ள இடமில்லாமல், பிரேக் கட்டையைத் தேய்த்துக்கொண்டே இறங்குவார்கள். மஞ்சள் ஹெல்மெட் எண்பதோடு கிளம்புவார், அதற்கும் கிண்டல் செய்வீர்கள். உறைபனிக் காலை என்றால் அவர் இன்னும் உஷார்: பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த செல்லுக்கு சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் படலமாகப் படிந்து செல் கெடும் என்று தெரிந்தவர், பேக்கை ராத்திரி வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்.

அடுத்த சீசனில் உறை எண்ணைச் சொல்லிப் பெருமை பேசுவது குறைந்து, வடித்துப் பார்த்த எண்ணை ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஐப்பசி ஏற்றத்தில் காட்டேரி தாண்டும்போது முன்னால் போவது மஞ்சள் ஹெல்மெட்தான். மண் சரிந்து சாலையையே மூடிவிட்டால் மட்டும் என் கணிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.