தென்னைக்கு ஆங்கிலப் பெயர்: சீனம் பேசும் கற்போருக்கான விளக்கமும் வடசென்னைச் சான்றும்

தமிழ் மரத்திலிருந்து காய்க்கு வருகிறது. ஆங்கிலம் காயிலிருந்து மரத்துக்குச் செல்கிறது. 'தெங்கு' என்னும் மரப்பெயரோடு 'காய்' சேர்ந்து 'தேங்காய்' ஆயிற்று. 'கோக்கனட் பாம்' என்பதிலோ காயின் பெயரைத் தாங்கியே மரம் நிற்கிறது. இவற்றை நிகர்ச்சொற்களாக அருகருகே வைப்பது பிழையன்று. அவ்வளவோடு நின்றுவிடுவதே குறை. 'பாம்' என்பதற்குப் 'பனை' என்று மட்டும் கற்ற தமிழ் மாணவர் முன் 'தேங்காய்ப்பனை' என்றோர் இல்லாத மரம் எழுந்து நிற்கும்.

'கோக்கோ' போர்த்துகீசியச் சொல். ஓட்டின் மூன்று குழிகளும் குழந்தைகளை அச்சுறுத்தும் முகம் போலத் தோன்றியதால் அப்பெயர் வந்தது என்பர். அதே குழிகளைத் தமிழ் 'கண்' என்கிறது. பின்னர், ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியில் சாக்லேட் தரும் 'ககாவோ' மரமும் தென்னையும் ஒரே தலைச்சொல்லின்கீழ்க் கலந்துவிட, 'கோக்கோநட்' என்ற எழுத்துக்கூட்டு நெடுங்காலம் நிலைத்தது.

இவற்றைவிட நுட்பமான சிக்கல் 'காயர்' என்னும் சொல்லில் உள்ளது. மலையாளக் 'கயறு', தமிழ்க் 'கயிறு' ஆகியவற்றின் வழியே ஆங்கிலம் ஏறிய இச்சொல், அங்கே தென்னை நாரை மட்டும் குறிக்கலாயிற்று. தமிழில் நார் வேறு, கயிறு வேறு. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மீனவர் குப்பங்களின் வழக்கே இதற்குத் தக்க சான்று. கட்டுமரத்தின் மரங்களைப் பிணைத்த காலத்தில் அது தென்னைநார்க் கயிறு. காசிமேட்டில் கண்ணாடியிழைப் படகுகள் நிறைந்துவிட்ட இன்று அது நைலான் கயிறு. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. 'நைலான் காயர்' என்று ஆங்கிலத்தில் சொல்லவே இயலாது. வேப்பேரியில் பப்ரிசியுஸ் அகராதி 1779இல் அச்சானது. வின்சுலோ அகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. இக்கரை அவ்வச்சகங்களுக்குச் சில கல் தொலைவுதான். ஆயினும், இத்தகைய வழக்கு வேறுபாட்டை ஆங்கில நிகர்ச்சொல் ஒன்றால் மட்டும் காட்டிவிட முடியாது.

சீனம் பேசுவோருக்கு இம்மரத்தை ஆங்கிலத்தின் வழியாகவே விளக்கும் முறையும் இங்கு மறுபரிசீலனைக்குரியது. தென்னையைக் குறிக்கும் சீன எழுத்தான 'யே' தன் இடப்பக்கத்திலேயே மரக்குறியைக் கொண்டிருக்கிறது. பேச்சு வழக்கில் 'காய்' என்ற பொருளே முந்தினாலும், எழுத்து மரத்தைச் சுட்டத் தவறுவதில்லை. ஆகவே இம்மாணவருக்குத் தெங்கு–தேங்காய் உறவு 'கோக்கனட் பாம்' என்பதைவிட எளிதில் விளங்கக்கூடும். தென்னையைக் கால்டுவெல் 'தென்' என்னும் திசைச்சொல்லோடு இணைத்ததையும் உடன் தரலாம், ஆனால் அதைச் சொற்பிறப்பின் முடிந்த முடிபாக அன்றி ஒரு கருத்தாகவே தருதல் வேண்டும்.

பாளை, குரும்பை, மட்டை, கீற்று, கொட்டாங்குச்சி ஆகியவற்றை அகராதியில் சிதறிக் கிடக்கவிடாமல் 'தென்னை' என்னும் தலைச்சொல்லின்கீழ் ஒருங்கே தருவது கற்போருக்குப் பயன்படும். 'கயிறு' மட்டும் அப்பட்டியலில் இடம்பெறலாகாது. அங்கே வரவேண்டியது 'நார்'.