விண்வெளியும் நம் திரைப்படமும்

விண்வெளிப் படத்திற்கு முதற்தேவை ராக்கெட் அன்று; அங்கே போயாக வேண்டிய அவசியம் கதைக்கு இருக்க வேண்டும். 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலையரசி'யை எடுத்துக்கொள்வோம். அதன் விண்கலத்தைக் கண்டு இன்றைய இளைஞர் நகைக்கக்கூடும். ஆயினும், அறிவியலில் முந்திக் கலையில் பிந்திய ஒரு கிரகத்தார் பானுமதியைக் கவர்ந்து செல்கிறார்கள் என்னும் அக்கதை, விண்வெளியை நீக்கினால் நில்லாது.

2018-இல் வந்த 'டிக் டிக் டிக்'கில் கணினி வரைகலைக்குக் குறைவில்லை. விண்கல்லைத் தகர்க்க, விண்நிலையமொன்றிலிருந்து அணு ஏவுகணையைத் திருடுகிறார்கள். விண்நிலையத்தை வங்கிப் பெட்டகமாக மாற்றினாலும் கதை குலையாது! குறை பணத்தில் இல்லை என்பதே என் எண்ணம்.

'அப்போலோ 13' (1995) குழுவினர், வளைந்து ஏறி இறங்கும் நாசா விமானத்தில், ஒவ்வொரு முறையும் கிட்டிய சுமார் 25 வினாடி எடையின்மைக்குள் நடித்தார்கள். அத்தகைய சிரத்தையை நெல்லைச் சீமை அறியாததன்று. மகேந்திரகிரியில் இஸ்ரோவினர், உயர்வெளியின் காற்றழுத்தக் குறைவைத் தரையிலேயே உண்டாக்கி எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். வெற்றிடத்தில் ஓசை பரவாதென்பது பாளையங்கோட்டைப் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். அவனிடம் போய், விண்வெளியில் வெடித்து முழங்கும் கலத்தை எவ்வாறு நம்பச் சொல்வது?