சுருக்கம் எடுக்கும் கலை

அமெரிக்க, கனடிய வீடுகளில் சுவருக்குச் சுவர் பதித்த கார்ப்பெட் நாளடைவில் தொய்ந்து, அலையலையாய்ப் புடைத்துக்கொள்ளும். காற்றின் ஈரம், தரதரவென்று இழுத்த சோஃபா, முதலில் அரைகுறையாகப் பதித்த வேலை என்று எதுவும் காரணமாகலாம். அதைச் சரிசெய்ய வருபவரின் கைவேலையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

முதலில் அறை காலியாகும். ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தினால், அடியில் மெல்லிய மரப்பட்டி. சுவரைப் பார்த்துச் சாய்ந்த கூரான ஆணி வரிசை. கார்ப்பெட்டைக் கவ்வி நிறுத்துபவை அவைதான். அடுத்து, நீண்ட குழாய்க் கருவி. ஒரு முனையை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து, பல் வைத்த மறுமுனையைக் கார்ப்பெட்டில் பதித்து, நெம்புகோலை அழுத்துவார். புடைப்பு நம் கண்ணெதிரே அடங்கும். மூலைமுடுக்குகளுக்கு முழங்காலால் இடித்துத் தள்ளும் சின்னக் கருவி. மிஞ்சியதை நறுக்கி, விளிம்பைச் சுவரோர இடுக்கில் செருகுவார்.

அளவுதான் சூட்சுமம். அதிகம் இழுத்தால் ஒட்டுப் போட்ட இடம் பிரியும்; குறைந்தால் மறுபடி அலை எழும். நல்ல தொழிலாளி உள்ளங்கையால் தடவியே அதைக் கணக்கிடுவார். புதுக் கார்ப்பெட்டுக்கு ஆகும் செலவு மிச்சமாவது அந்தக் கைப்பக்குவத்தால்தான்.