'கிளீன்' என்று சொன்னால் போதுமா? கூடங்குளம் அறிக்கையை மறுபடி படித்தபோது

போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் நண்பர் ஒருவரின் டிசைன் கடைக்குப் போயிருந்தேன். பட்டுப்புடவையின் பார்டருக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு ஜக்கார்டுக்குக் கொடுக்கிற கடை. நாளெல்லாம் யாராவது ஒருவர் பென்டிரைவோடு வந்துகொண்டே இருப்பார். "அண்ணே, நேத்துதான் ஸ்கேன் பண்ணேன், கிளீன்னு சொல்லுச்சு. காலையில ஆன் பண்ணா ஃபோல்டர் எல்லாம் திரும்ப ஷார்ட்கட்டா நிக்குது" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி.

உட்கார்ந்து பார்த்தேன். பென்டிரைவில் இருந்த ஸ்கிரிப்டை ஆன்டிவைரஸ் அழித்திருந்தது. ஆனால் விண்டோஸ் எழும்போது தானாக ஓட வேண்டியவற்றைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி பட்டியலில், அதாவது 'ரன்' கீயில், ஒரு வரி அப்படியே இருந்தது. ஆப்டேட்டா ஃபோல்டரில் ஒளிந்திருந்த இன்னொரு பிரதியை அந்த வரிதான் தினமும் எழுப்பிவிட்டது.

தம்பிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. அட்டை ஜக்கார்டில் ஒரு அட்டையில் துளை தப்பாக விழுந்தால், அந்தப் பிழை ஒவ்வொரு சுற்றிலும் புடவையில் வந்துகொண்டே இருக்கும். புடவையில் இழையைப் பிரித்துப் பயனில்லை, அட்டையை மாற்றணும். மால்வேர் உலகில் அந்த அட்டைக்குப் பெர்சிஸ்டென்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டரை அணைத்தாலும் திரும்ப எழுந்து வர அது மாட்டி வைக்கிற கொக்கி.

அன்று இரவு, 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி வந்த அறிக்கைகளைத் தேடி மறுபடி படித்தேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 28 அன்று, டிட்ராக் என்ற மால்வேரின் மாதிரி ஒன்றில் கூடங்குளத்தின் சுவடு இருக்கிறது என்று ட்விட்டரில் பேச்சு கிளம்பியது. 29 அன்று நிலையம் மறுத்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லை, தாக்குதல் சாத்தியமில்லை என்றது. 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: மால்வேர் இருந்தது உண்மை, செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே அதைக் கவனித்துத் தெரிவித்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டர், முக்கிய உள் நெட்வொர்க் தனியானது, நெட்வொர்க்குகள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன.

எங்கோ தெற்கே நடந்தது என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் விட்டுவிட முடியாது. அந்த அக்டோபரில் அதே கழகத்தின் கல்பாக்கம் நிலையம் எங்கள் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. செங்கல்பட்டு பிரிந்தது அடுத்த மாதக் கடைசியில்.

அறிக்கைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். அணு உலையின் கட்டுப்பாடும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருப்பது உண்மையான பாதுகாப்பு. "அணு உலையை ஹேக் பண்ணிட்டாங்க" என்று அன்று ஓடிய தலைப்புகளை நான் நம்பவில்லை.

என் குறை வேறு. அறிக்கை முழுக்க 'எங்கே' என்ற கேள்விக்கே பதில் சொல்கிறது. எப்போது உள்ளே வந்தது? எதில் கொக்கி மாட்டியிருந்தது? கண்டுபிடிக்கும்வரை என்ன செய்தது? இவற்றுக்கு ஒரு வரி இல்லை. தொடர்ந்து கண்காணிக்கிறோம் என்கிறார்கள். ஆனால் அதே அறிக்கைப்படி முதலில் கவனித்தது வெளியில் இருந்த செர்ட்-இன். வீட்டில் திருடன் இருப்பதைப் பக்கத்துத் தெருக்காரர் வந்து சொன்ன கதைதான் இது.

அந்த மூன்று கேள்வியும் ஏன் முக்கியம்? டிட்ராக்கைப் பற்றி காஸ்பர்ஸ்கி 2019 செப்டம்பரில் எழுதியிருந்தது. கீபோர்டில் தட்டுவதைப் பதிவு செய்யும், பிரவுசர் வரலாற்றை எடுக்கும், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும். அதோடு வரும் ரிமோட் கருவியில், ஒரு ஃபைலை விண்டோஸ் எழும்போதெல்லாம் ஓட வைக்கத் தனிக் கட்டளையே உண்டு. பொதுவெளிக்கு வந்த மாதிரிக்குள் கூடங்குளத்தின் பெயரோடு ஒரு அட்மின் லாகினும் பாஸ்வேர்டும், உள் நெட்வொர்க் முகவரியும் எழுதப்பட்டிருந்தன. அவை அதற்கு முன்பே யாரோ உள்ளே பார்த்து எடுத்துப்போனவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் பிடிபட்டது முதல் வருகை இல்லை.

இதை நெட்வொர்க்கை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கம்ப்யூட்டருக்குள்ளேயே பார்க்கணும். அதைத்தான் என்ட்பாயின்ட் கண்காணிப்பு என்கிறோம். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் இன்று எந்தெந்தக் கொக்கி மாட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்கும். சிஸ்மான் டைரி எழுதும்: ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு மாறினால் எண் 13, டபிள்யூ.எம்.ஐ. வழிக் கொக்கிகளுக்கு 19 முதல் 21. புது சர்வீஸ் நுழைந்தால் விண்டோஸே 7045 என்று பதிந்துவிடும். புது டாஸ்க்குக்கு 4698 உண்டு, ஆனால் அதற்கான ஆடிட்டை நாம் ஆன் செய்திருக்கணும். போட்டோ மட்டும் இருந்தால் 'இருக்கிறது' என்று தெரியும். டைரி இருந்தால்தான் 'எப்போதிலிருந்து' என்று தெரியும்.

இதுவும் மந்திரக்கோல் இல்லை. குரோம் அப்டேட்டும் டாஸ்க் போடும், பிரின்டர் சாஃப்ட்வேரும் ரன் கீயில் எழுதும். வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரியாதவருக்கு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். அட்மின் உரிமை பிடித்த மால்வேர் டைரியையே கிழித்துவிடும். அதனால் பதிவுகள் உடனுக்குடன் வேறு கம்ப்யூட்டருக்குப் போய்விட வேண்டும்.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் புது உத்தரவு போட்டது. சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும். இரண்டாவது நல்ல விஷயம். முதலாவதில் ஓட்டை இருக்கிறது: கடிகாரம் ஓடத் தொடங்குவதே கவனித்த பிறகுதான். கவனிக்காதவருக்கு அவகாசம் முடிவே இல்லை. எதைப் பதிய வேண்டும் என்பதிலும் தெளிவு போதாது. கொக்கி மாட்டியதைப் பதியாத 180 நாள் பதிவு இருந்து என்ன பிரயோஜனம்?

டிசைன் கடையில் அந்த வரியையும் பிரதியையும் நீக்கினோம். பிறகு ஆட்டோரன்ஸ் பட்டியலை சேவ் செய்து, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினோம். சனிக்கிழமைதோறும் புதுப் பட்டியல் எடுத்து இதோடு ஒப்பிடுவது தம்பியின் வேலை. முதல் சனிக்கிழமையே போன் வந்தது: "அண்ணே, ஒரு வரி கூடுதலா இருக்கு." பார்த்தால் புதிதாக வாங்கிய பிரின்டர். பரவாயில்லை, அவர் கவனித்துவிட்டார்.